தட்டில் தெரிந்த சேலை

இந்தச் சேலைங்களா? காரைக்குடியில எடுத்ததுங்க. செட்டிநாட்டுக் காட்டன். நாத்தனா மக கலியாணத்துக்குப் போனப்ப எடுத்தேன். அரக்கு நெறத்துல பெரிய பெரிய மஞ்சக் கட்டம். பஸ்ஸுல ஏறுறப்பவே கண்ணைப் புடிச்சு இழுக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் இதோட பெருமை. அதுதான் இதோட வினையும். இந்தச் சேலை ஒரு மெஷினையே ஏமாத்திப்போட்டுதுங்க. அப்படின்னு அவங்க சொல்றாங்க. நான் சொல்லலை.

நீங்க ஈரோடு வரைக்குங்களா? நான் பெருந்துறையில எறங்கிக்குவேன். இன்னும் அவினாசியே வரலை. நேரம் கெடக்குது. கேளுங்க, நீங்களே நாயம் சொல்லுங்க.

கோயமுத்தூரு கணபதியில எங்க கம்பெனி. கம்பெனின்னா பெருசா நெனைச்சுக்காதீங்க, ஒரு ஷெட்டு, மேல ஒரு ஆபீசு. பொருள் எடுத்து வெக்கற மெஷின் கை செய்யறோம். ரோபோன்னு சொல்வாங்களே, அது. தண்டபாணி சார் கம்பெனி ஆரம்பிச்ச அன்னிக்கு அவரு ஒருத்தரு, நான் ஒருத்தி. மேசை தொடைச்சதுல இருந்து கேமரா பூட்டுனது வரைக்கும் நான்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோங்க எனக்கு. வெள்ளிக்கெழமையானா மெஷினுக்குப் பூஜை போட்டு சூடம் காட்டுவாரு சார். காட்டி முடிச்சதும் தட்டு நேரா எங்கிட்டத்தான் வரும். "சாந்தாமணி, முதல்ல நீ எடுத்துக்க"ம்பாரு. அவரோட சம்சாரம் வந்திருந்தாலும் எனக்கப்புறந்தான். இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க.

அந்தக் கைக்குக் கண்ணு வேணுமில்லீங்களா? ரெண்டு கேமரா வெப்போம், பக்கத்துல பக்கத்துல, நம்ம ரெண்டு கண்ணாட்ட. எதுக்கு ரெண்டு? விரலை மூக்குக்கு முன்னாடி நீட்டிப் புடிங்க. வெக்கப்படாதீங்க, யாரும் பாக்கலை. இப்ப ஒரு கண்ணை மூடுங்க. அடுத்தாப்புல இன்னொரு கண்ணை மூடுங்க. விரல் தாவுதா? இப்ப அந்தா தெரியற பனைமரத்தைப் பாத்து அதே மாதிரி செய்ங்க. அது தாவுறதே தெரியலையில்ல? அவ்வளவுதான் விசயம். கிட்ட இருக்கறது நெறையத் தாவும், எட்ட இருக்கறது கொஞ்சமாத் தாவும். எவ்வளவு தாவுதுங்கறதை வெச்சு அது எவ்வளவு ஆழத்துல இருக்குதுன்னு மெஷின் கணக்குப் போட்டுக்கும். கை அந்த ஆழத்துக்கு எறங்கி எடுக்கும்.

மரக்கட்டை, அட்டைப்பெட்டி, இதுக்கெல்லாம் தொந்தரவே இல்லைங்க. பளபளன்னு இருக்கற சாமானம் வந்தாத்தான் வம்பு. பளபளப்பு இருக்குதே, அது நிக்கற எடத்துல நிக்காது. இந்தக் கேமரா பாத்தா இங்க மின்னும், அந்தக் கேமரா பாத்தா அங்க மின்னும். மெஷினுக்கு அது தெரியுமா? ரெண்டும் ஒரே புள்ளின்னு நெனைச்சுக் கணக்குப் போட்டு, எங்கியோ பாதாளத்துல இருக்குதுன்னு சொல்லும்.

இதுக்கு வழி கண்டுபுடிச்சது யாரு? நான். பவுடருங்க. மூஞ்சிக்குப் போடற பவுடரு. அப்ப எங்களுக்கு வந்த பம்பு சாமான் மேல லேசாத் தூவுனாப் போதும், மினுமினுப்பு அடங்கிரும், கேமரா நல்லாப் பாக்கும். "சாந்தாமணி மூளையே மூளை"ன்னு சார் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அஞ்சாறு வருசம் அந்தப் பவுடர்லதான் எங்க கம்பெனியே ஓடுச்சு.

அப்பறம் இந்தப் பெருந்துறைக்காரங்க வந்தாங்க. எவர்சில்வர் தட்டு செய்யறவங்க. பாலீஷ் போட்ட தட்டைக் கூடையில இருந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பொட்டியில அடுக்கணும். நான் பவுடரைத் தூவி எடுத்துக் காட்டுனேன். அழகா எடுத்துச்சு. அவங்க முதலாளி ஒரு தட்டை மோந்து பாத்துட்டு, "ஏனம்மிணி, மல்லிகப்பூ வாசத்துல எவன் சோறு திம்பான்?"னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. தண்டபாணி சாரும் சிரிச்சாரு. அவரு சிரிச்சதுதான் எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.

அடுத்த மாசமே அவ வந்துட்டா.

ஜெனிதா. மார்த்தாண்டத்துப் பக்கம். குட்டை முடி, காதுல ஒரு பொட்டுக் கம்மல். பளபளக்கற சாமானத்தைக் கேமரா எப்படிப் பாக்கறதுங்கறதைப் பத்தியே மெட்ராசுல ரெண்டு வருசம் படிச்சிருக்கறாளாம். இதுக்கெல்லாம் ஒரு படிப்புங்களா? வந்த அன்னிக்கே என்ற மேசைக்கு வந்து, "எக்கா, பவுடர் போடணும்னு உங்களுக்கு எப்படிக்கா தோணிச்சு? நல்ல யோசனையாக்கும்"னு கேட்டா. நக்கல்தான பண்றான்னு நெனைச்சேன். மூஞ்சியைப் பாத்தா நக்கலாட்டத் தெரியலை. மூஞ்சியில காட்டாம நக்கல் பண்றவங்க இருக்கறாங்கல்ல?

ஆறு மாசத்துக்கு அவளுக்குத் தற்காலிக வேலை. இந்தத் தட்டு வேலை முடிஞ்சா நிரந்தரம், முடியாட்டி ஊருக்கு வண்டி. இது எல்லாத்துக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வயிறு எரிஞ்சுதுங்க. ஒளிச்சு என்ன ஆகப்போகுது, நீங்க யாரோ நான் யாரோ. முன்னெல்லாம் "சாந்தாமணி, இங்க வா"ன்னு மாடியில இருந்து சத்தம் வரும். இப்ப "ஜெனிதாவைக் கேளுங்க"ன்னு வருது. டீ வந்தா, ஜெனிதாவுக்குச் சக்கரை கம்மின்னு சாருக்கு ஞாபகம் இருக்குது. எனக்குச் சக்கரையே ஆகாது, அது பத்து வருசமா அவருக்கு ஞாபகம் வரலை. என்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதேன். அவரு, "அந்தப் புள்ளை உன்னை என்ன பண்ணுச்சு?"ன்னு கேட்டாரு. ஒண்ணும் பண்ணலைங்கறதுதான் எனக்கு ஆத்திரமே. அது ஆம்பளைக்குப் புரியுமா?

அவ கண்டுபுடிச்சது என்னன்னு கேளுங்க. வெள்ளைத் துணி! பாலீஷ் தட்டு கண்ணாடியாட்ட இருக்குதா, அதுல சுத்தி இருக்கறதெல்லாம் தெரியுதா, அதனால சுத்தி ஒண்ணுமே தெரியாத மாதிரி வெள்ளை வேட்டித் துணியில ஒரு கூடாரம் கட்டிப்புட்டா. கூடை நடுவுல, கேமரா மேல. இப்பத் தட்டுக்குள்ள வெறும் வெள்ளைதான் தெரியும். மெஷினுக்குத் தட்டோட விளிம்பு மட்டுந்தான் புடிபடும். விளிம்பு எந்த ஆழமோ அதை வெச்சு நடுவுல தட்டு எங்க இருக்குதுன்னு கணக்குப் போட்டுக்கும். "விளிம்பு பொய் சொல்லாதுக்கா"ன்னா எங்கிட்ட. இது ஒரு பெரிய தத்துவம். சார் கை தட்டுனாரு.

ஒரு கண்டிசனும் போட்டா. கூடாரத்துக்கிட்ட வர்றவங்க யாரா இருந்தாலும் சாம்பல் நெறக் கோட்டுப் போட்டுக்கணுமாம். கோடு, கட்டம், பூப்போட்டது ஒண்ணும் தட்டுல தெரியக் கூடாதாம். தட்டு மட்டமா, கண்ணாடியாட்ட இருக்கறதால, அதுல தெரியற ஆளு எவ்வளவு மேல நிக்கறாங்களோ அவ்வளவு கீழ நிக்கறதா மெஷின் நம்பிக்குமாம். ஒரே நெறத் துணியா இருந்தா மெஷினுக்குப் புடிமானம் கெடைக்காது, விட்டுரும். கட்டம் கிட்டம் இருந்தா ரெண்டு கேமராவும் ஒத்துக்கிட்டு, சத்தியம் பண்ணாத கொறையாத் தப்பைச் சொல்லும். இதைச் சொல்றப்ப என்ற சேலையைப் பாத்தே சொன்னா. நான் வேற எதைக் கட்டுவேன்? எங்கிட்ட இருக்கறதெல்லாம் கட்டமும் கோடும் புள்ளியுந்தான்.

சித்தெ அந்த ஜன்னலைத் தள்ளிவிடுங்க. ஆங், போதும்.

பெருந்துறைக்காரங்க பாக்க வந்தது ஒரு வெள்ளிக்கெழமை. வர்ற சனங்களுக்கு முன்னாடி அழுக்காவா நிக்க முடியும்? இந்தச் சேலையைப் பிரிச்சேன். அன்னிக்குத்தான் முதல் தடவை கட்டுனது. கொண்டை போட்டு ஒரு மொழம் பூ வெச்சேன். பூஜை நடந்துச்சு. சூடத்தட்டை சார் எடுத்தாரு. நான் கையை நீட்டிட்டே முன்னாடி வந்துட்டேங்க. தட்டு என்னைத் தாண்டிப் போச்சு. "இன்னிக்கு ஜெனிதா நாளு. அவ முதல்ல எடுத்துக்கட்டும்"ங்கறாரு.

அவ வேதக்காரிங்க, ஏசு சாமி கும்புடறவ! கோயிலுக்குப் போற புள்ளைகூட இல்லை. ஒரு நொடி முழிச்சா, அப்பறம் என்னைப் பாத்தா, "அக்கா எடுக்கட்டும் சார்"னா. யாருக்கு வேணும் அவ விட்டுக்குடுத்தது? எனக்கு வர வேண்டியதை எனக்கே எடுத்துத் தானம் பண்றா. "நீயே எடுத்துக்க கண்ணு"ன்னு சொல்லிட்டு அக்கட்டால திரும்பிட்டேன். நீட்டுன கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம கொண்டையில இருந்த பூவைச் சரி பண்ணுனேன்.

அப்பத்தான் அந்தச் சாம்பல் கோட்டை எடுத்துட்டு வந்தா. "எக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதை மட்டும் மேல போட்டுக்கிடுங்க." புதுச் சேலை மேல, பெருந்துறை முதலாளி முன்னாடி, அந்தச் சாக்குப்பையை! வேர்க்குதுன்னு சொல்லி ஆணியில மாட்டிட்டேன். அந்த மாசம் வெயிலு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

மெஷின் ஆரம்பிச்சுது. கை எறங்குச்சு, ரப்பர் கிண்ணத்துல தட்டை உறிஞ்சிப் புடிச்சுச்சு, தூக்குச்சு, வெச்சுச்சு. எறங்குச்சு, தூக்குச்சு, வெச்சுச்சு. ஒரு கூடையே காலியாயிருச்சு. அடுத்த கூடையை வெச்சாங்க. பெருந்துறைக்காரரு ஜெனிதாவைப் பாத்து, "எங்க ஊர்ல இப்படி ஒரு புள்ளை இல்லாமப் போச்சே"ங்கறாரு. தண்டபாணி சாரு மொகத்துல ஒரு பெருமை. நான் பதினாறு வருசமாப் பாக்காத பெருமை.

நான் கூடாரத் துணியை லேசா வெலக்கி எட்டிப் பாத்தேன். அவ்வளவுதாங்க. பாக்கக் கூடாதா? என்ற கையால பூட்டுன கேமரா. உள்ள என்னதான் நடக்குதுன்னு குனிஞ்சு பாத்தேன்.

கை வந்துச்சு பாருங்க. எப்பவும் தட்டுக்கிட்ட வந்ததும் மெல்ல எறங்கும். அன்னிக்கு நிக்கவே இல்லை. வந்த வேகத்துக்கு டமார்னு ஒரு இடி. மேல இருந்த தட்டு குழிஞ்சு போச்சு, கூடை வளைஞ்சு போச்சு. பெருந்துறைக்காரரு ரெண்டு அடி பின்னாடி போயி, செருப்பு கழண்டு நிக்கறாரு.

அவ ஓடிப் போயி கம்ப்யூட்டர்ல அந்த நேரத்துப் படத்தை எடுத்தா. ஆழத்தைக் கலர் கலராக் காட்டுங்க அது. கிட்ட இருக்கறது செவப்பு, ஆழமா இருக்கறது நீலம். தட்டோட விளிம்பு செவப்பு வளையமா நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல கருநீலமா ஒரு உருவம். குனிஞ்சு நிக்கற மாதிரி. தலைக்குப் பின்னாடி ஒரு உருண்டை, கொண்டையாட்ட. ஒடம்பு முச்சூடும் கட்டங் கட்டமா. தட்டுக்கு அடியில, தரைக்கும் அடியில, ஒரு பொம்பளை நின்னு அண்ணாந்து பாக்கற மாதிரி இருந்துச்சு.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. எதுக்குங்க என்னைப் பாக்கணும்? கொண்டை போடறவ ஊர்ல நான் ஒருத்திதானா? சரி, எங்க கம்பெனியில பொம்பளைங்க ரெண்டே பேரு, அவளுக்குக் குட்டை முடி. அதுக்காக? மெஷினு ஆயிரம் காட்டும். நெலாவுல பாட்டி வடை சுடறாங்கறோம், போயிப் பாத்தாங்களா?

சார் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. "என் தப்பு சார். யாராச்சும் துணியை வெலக்கினா என்ன ஆகும்னு நான் யோசிச்சிருக்கணும்." கேட்டீங்களா? அவ வாயால, அவளே ஒத்துக்கிட்டா! நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? ஆனா ஒண்ணு. என்ற பேரைச் சொல்லாம விட்டா பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கலை. சொல்லியிருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்னிக்கு ராத்திரி சோறே எறங்கலை.

செங்கப்பள்ளிங்களா இது? இன்னும் விஜயமங்கலம் இருக்குது. பரவாயில்லை.

பெருந்துறைக்காரரு ஒரு மாசம் தவணை குடுத்தாரு. இனி மூட்டையைக் கட்டிருவான்னு நான் நெனைச்சுட்டு இருக்கறேன். திங்கக்கெழமை காலையில என்ற மேசைக்கு வந்து நிக்கறா. "எக்கா, நாளைக்கு அந்தச் சேலையைக் கட்டிட்டு வருவீங்களா?"ன்னா. எதுக்குன்னேன். "கோட்டுப் போடுங்கன்னு பெருந்துறையில எல்லாத்துக்கும் சொல்லிட்டே இருக்க முடியாதுல்லக்கா. யாரு எட்டிப் பாத்தாலும் மெஷின் ஏமாறக் கூடாது. விளிம்பை விட ஆழமா நடுவுல என்ன தெரிஞ்சாலும் அது நெழலுன்னு தள்ளிரணும். அதைச் சொல்லிக் குடுக்கணும். நீங்க நின்னாத்தான் முடியும்"ங்கறா.

கட்டிட்டுப் போனேன். ஏன் போனேன்? அந்த மெஷின் மறுபடியும் தடுமாறறதை என்ற கண்ணால பாக்கணும்னு போனேன். பாத்தேன்! தடுமாறுச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போயி கேசரி கிண்டுனேன். அடுத்த நாள் அவ என்னமோ மாத்திட்டா, கட்டம் பலிக்கலை. விடுவனா? கோடு போட்ட கைத்தறி கட்டிட்டுப் போனேன். மறுபடியும் தடுமாறுச்சு. அதையும் சரி பண்ணிட்டா. அப்பறம் புள்ளி. அப்பறம் என்ற முகூர்த்தப் பட்டு. ஆமாங்க, ஷெட்டுக்கு முகூர்த்தப் பட்டுக் கட்டிட்டுப் போனேன், வழியில எல்லாரும் எங்க விசேசம்னு கேக்கறாங்க. அந்த ஜரிகை மினுக்குல மெஷின் தெகைச்சுப் போயி கையை அந்தரத்துல நிறுத்திக்கிட்டு நின்னுச்சு பாருங்க, எனக்கு அவ்வளவு சந்தோசம். ஜெயிச்சுட்டேன்னு திரும்பறேன், இவ என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டுக் குதிக்கறா. "எக்கா! இது என் கண்ணுலயே பட்டிருக்காதே! நீங்க இல்லன்னா பெருந்துறையில போயி மாட்டியிருப்போம். வேற என்ன சேலைக்கா இருக்குது?"ங்கறா.

சொல்லுங்க, இப்படி ஒருத்திகிட்ட எப்படிங்க சண்டை போடறது?

கடைசியா போன வாரம் ஒரு சோதனை. மறுபடியும் இந்தச் சேலை. கூடாரத் துணியை முழுசா வெலக்கிட்டு நின்னேன். குனிஞ்சேன், நிமிந்தேன், முந்தானையை விரிச்சுக் காட்டுனேன். கை ஒரு தடவைகூடத் தடுமாறலை. படத்தைப் பாத்தா நான் தெரியறேன், தட்டுக்கடியில அதே கொண்டையோட. ஆனா என் மேல சாம்பல் கலரு பூசியிருக்குது. அப்படின்னா என்னன்னு கேட்டேன். "உங்களைப் பாத்துட்டு, இது கணக்குல இல்லைன்னு விட்டுருச்சுக்கா"ன்னா சந்தோசமா. அவ மெஷினைச் சொன்னா. எனக்குத்தான் என்னமோ போல ஆயிருச்சு. பாத்ரூமுக்குப் போயி மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

அந்தச் சோதனைக்கு இப்ப எம் பேரு வெச்சிருக்காங்க. சாந்தாமணி சோதனை. ஒவ்வொரு மெஷினும் வெளிய போறதுக்கு முன்னாடி அதுல பாஸாகணும். சாருக்கு அதுல ஒரே பெருமை, வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றாரு. பேரு வெச்சாங்க, சரி. எதுக்கு வெச்சாங்க? மெஷினு எதைக் கண்டுக்காம இருக்கணுமோ, அதுக்கு.

இன்னிக்குப் பெருந்துறையில புதுசா மெஷினை மாட்டறாங்க. பூஜை இருக்குது. இன்னிக்கு நல்லபடியா ஓடிட்டா அவ நிரந்தரம், தட்டு வேலைக்கெல்லாம் அவதான் தலைமை. நான் வந்து கடைசிச் சோதனைக்கு நிக்கணும். அதான் இந்தச் சேலை. பையில இன்னொண்ணு இருக்குதுங்க, யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊட்டுப் பொண்ணோடது, சின்னச் சின்னக் கண்ணாடி வெச்சுத் தைச்சது. கண்ணாடிக்குள்ள கண்ணாடி! அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கறான்னு பாத்தர்றேன்.

ஒரு நிமிசங்க, போனு. ...ஆ, சொல்லு. விஜயமங்கலம் தாண்டிட்டேன். ...நீ எதுக்கு வர்ற, எனக்கு வழி தெரியாதா? ...என்னது? ...ம்ம். ஒண்ணு கொண்டாந்திருக்கறேன். ...வந்து பாரு. வை.

அவதான். "புதுசா ஏதாச்சும் சேலை கொண்டாந்தீங்களாக்கா?"ன்னு கேக்கறா. முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சிருக்கறா பாருங்க. பூஜையை நிறுத்தி வெச்சிருக்காங்களாம். நான் வந்தாத்தான் சூடம் பத்த வெப்பேன்னு சார் சொல்லிட்டாராம். அவரு சொன்னாரா, இவ சொல்ல வெச்சாளான்னு யாருக்குத் தெரியும்? இவ சொல்ல வெச்சிருந்தா அந்தச் சூடத்தட்டை நான் தொட மாட்டேன். சாரே சொல்லியிருந்தா வேற விசயம். போயி சார் மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்.

ஸ்டாப்பு வந்திருச்சுங்க. அந்தா, புளியமரத்துக்கிட்டக் கொடையோட நிக்கறா பாருங்க. குட்டை முடி. அவதான். கையில பூ வேற. அது எனக்கு வாங்குனதாத்தான் இருக்கும், அவளுக்கு வெக்கறதுக்கு முடி ஏது? வெயில்ல எதுக்கு வந்து நிக்கறா, நல்ல பேரு வாங்கறதுக்குத்தான்.

இந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. நெம்ப சந்தோசங்க, நெஞ்சுல இருக்கறதைக் கேக்கறதுக்கு ஒரு ஆளு கெடைச்சீங்க. நாயத்தை மட்டும் சொல்லாமலே வந்துட்டீங்க. பரவாயில்லை, உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

ஏனுங்க, நீங்க எதுக்கு இப்ப அவளைப் பாத்துச் சிரிக்கறீங்க? கையை வேற ஆட்டறீங்க! இவ்வளவு நேரமா உங்ககிட்டப் பேசிட்டு வந்தது நானுங்க.